கடிதத்தில் 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' என்றிருந்தால்...

தோட்டத்தில் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பெரட்டு முடிந்ததும் ஆபீசில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவோம். சாயங்காலம் அது சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். "பெரிய பையன் டவுன்லேர்ந்து வரட்டும், படிச்சுச் சொல்லுவான்" என்று இருந்துவிடுவோம்.

அப்படி இருந்துவிட்ட ஒரு பெரியவரை நாம் அறிவோம். செம்பனைக் குலை வெட்டியவர். மண்டோருடன் ஏதோ வாய்த்தகராறு. விசாரணை என்று சொல்லி இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். பிறகு ஒரு கடிதம் வந்தது. அதில் 'டெர்மினேட்டட் வித் எஃபெக்ட் ஃப்ரம்' என்று போட்டு ஒரு தேதி இருந்தது. பக்கத்து லயத்துப் பையனிடம் கேட்டிருக்கிறார். "எஃபெக்டுன்னா பலன், தாத்தா" என்றான் அவன். "ஏதோ பலன் கிடைக்கும்னு நெனச்சேன் தம்பி" என்று பெரியவர் நம்மிடம் சொன்னபோது மூன்று மாதம் ஓடிவிட்டது.

வேலை நீக்கம் நியாயமில்லை என்று நினைப்பவர் தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுக்கலாம். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் அதற்குக் கொடுக்கும் தவணை 60 நாள். வேலை போன நாளிலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும். மகன் வந்து படித்துச் சொன்ன நாளிலிருந்து அல்ல! பெரியவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

எஃபெக்ட் என்பதற்குப் பலன் என்ற பொருள் உண்டுதான். ஆனால் இந்த மூன்று சொல்லும் சேர்ந்து வந்தால் 'இந்தத் தேதி முதல் நடப்புக்கு வருகிறது' என்றுதான் பொருள். வாக்கியத்தில் முதலில் காரியம் வரும். அதன் பின்னால் இந்தச் சொல் வரும். கடைசியில் தேதி வரும். சில ஆபீசில் 'டபிள்யூ.இ.எஃப்.' என்று சுருக்கி எழுதுவார்கள். மலாய்க் கடிதத்தில் 'பெர்குவாத் குவாசா முலாய்' என்பதும் இதேதான்.

'சம்பளம் கூட்டப்படுகிறது, வித் எஃபெக்ட் ஃப்ரம் ஜூலை 1' என்றால் ஜூலை முதல் தேதி வேலைக்கே புதுச் சம்பளம். கடிதம் செப்டம்பரில் வந்திருந்தாலும் ஜூலை, ஆகஸ்டு பாக்கியைக் கேட்டு வாங்க வேண்டும். 'வித் இம்மீடியட் எஃபெக்ட்' என்றால் தனியாகத் தேதி இருக்காது. உடனே நடப்புக்கு வருகிறது என்று பொருள். மலாயில் 'செர்த்தா மெர்த்தா' என்பார்கள்.

நாமே வேலையை விட்டு நிற்கக் கடிதம் எழுதும்போதும் இந்தச் சொல் வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 'வித் எஃபெக்ட் ஃப்ரம் ஆகஸ்டு 1' என்று எழுதினால் ஜூலை 31 வரை நமக்கு வேலை உண்டு; ஆகஸ்டு முதல் தேதி நாம் அங்கே ஆள் இல்லை.

அந்தத் தேதியை மனம்போல் போடவும் முடியாது. வேலை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. எழுதாவிட்டால், தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம். ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம். கடிதம் கொடுக்கும் நாளும் இதில் சேரும். பத்து வருஷம் வேலை செய்தவர் ஜூன் 1-இல் கடிதம் கொடுத்தால் 56-ஆவது நாள் ஜூலை 26. ஆகவே அவர் எழுத வேண்டியது 'வித் எஃபெக்ட் ஃப்ரம் ஜூலை 27'. முன்கூட்டியே நின்றால் குறையும் நாளுக்கு நிர்வாகம் நம்மிடமே பணம் கேட்கலாம். நிர்வாகம் நம்மை நிறுத்தினாலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் விசாரணைக்குப் பின் குற்றம் சாட்டி நீக்கினால் நோட்டீஸ் கிடையாது.

ஆங்கிலம் முழுக்கப் படித்தால்தான் முடியும் என்று இல்லை. கடிதம் கைக்கு வந்ததும் இந்த மூன்று சொல்லைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் உள்ள தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அன்றைக்கே சங்கத் தலைவரிடமோ படித்த பிள்ளையிடமோ காட்டுங்கள். பிஸ்கட் டின் எங்கேயும் ஓடிவிடாது, தேதிதான் ஓடிவிடும்.