ஆடிட்டரின் ஐயத்தை எந்தத் தேர்வு அளக்கும்?

கணக்கியல் படிப்பு என்றதும் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, ஐந்தொகை என்ற வரிசையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பதினோராம் வகுப்புப் பாடநூல் தொடங்கிப் பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்வு வரை மாணவர் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி இந்தத் தொழில்நுட்ப அறிவைச் சேர்ப்பதற்கே போகிறது. தொழிலுக்கு வந்தபின் கணக்காளர் பெரிதாகத் தவறும் இடங்களைப் பார்த்தால், அங்கே இந்த அறிவுக்குப் பஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டதும், வந்த பதிலைச் சோதிக்காமல் ஏற்றதும், சோதித்துத் தெரிந்ததை எடுத்துச் சொல்லத் துணியாததுமே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம், இதற்கு இந்தியா கண்ட சான்றுகளில் மிகப் பெரியது. 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி ஐந்தொகையில் காட்டப்பட்டிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்றும், சேர்ந்த வட்டி என்று காட்டப்பட்ட 376 கோடி ரூபாயும் அப்படியே என்றும் அக்கடிதம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த ஐந்தொகையின் இரு பக்கங்களும் ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லாமல் பொருந்தியிருந்தன என்பதைக் கணக்கியல் கற்பிப்போர் அனைவரும் மனத்தில் நிறுத்த வேண்டும்.

வங்கி இருப்பைச் சரிபார்க்கத் தணிக்கையாளர் கையாளும் வழி சிக்கலானதன்று. இன்ன தேதியில் தன் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று தெரிவிக்குமாறு வங்கிக்கு எழுதும் கடிதத்தில் நிறுவனம் கையெழுத்திட, அதைத் தணிக்கையாளரே தம் பொறுப்பில் அனுப்ப வேண்டும். வங்கியின் பதிலும் நிறுவனத்தின் கைபடாமல் நேரே தணிக்கையாளரின் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். வெளியாரிடமிருந்து நேரடியாகப் பெறும் இந்த உறுதிப்பாட்டை இந்தியத் தணிக்கைத் தரநிலை 505 விளக்குகிறது. சத்யம் தணிக்கையில் இந்தக் கடிதங்களின் போக்குவரத்தை நிறுவனத்தின் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் 2011 ஏப்ரலில் வெளியிட்ட ஆணை கூறியது. இந்த நடைமுறையை விளக்கி எழுதுக என்று தேர்வில் கேட்டால், ஓராண்டு படித்த மாணவரே முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். எழுதத் தெரிந்ததைச் செய்வதற்கு வேண்டிய மனநிலையும் பழக்கமும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றையே தொழில்முறைத் திறன்கள் என்று கணக்கியல் கல்வியாளர் குறிக்கின்றனர்.

பன்னாட்டுக் கணக்காளர் கூட்டமைப்பு வகுத்த கல்வித் தரநிலைகளில் மூன்றாவது, இத்திறன்களை நான்காகப் பிரிக்கிறது: பகுத்தறிந்து முடிவெடுக்கும் அறிவுத் திறன், பிறருடன் பழகிக் கருத்தைத் தெளிவாகச் சொல்லும் திறன், தன்னைத் தானே சீர்தூக்கிக்கொள்ளும் தனித்திறன், வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் திறன். இவற்றோடு நான்காவது தரநிலை அறநெறியையும் தொழில்முறை ஐயத்தையும் சேர்க்கிறது. தொழில்முறை ஐயம் என்பது எதிரில் இருப்பவரைத் திருடர் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதன்று. நேர்மையானவர் தந்த ஆவணமாக இருந்தாலும் அது தவறாக இருக்கக்கூடும் என்ற விழிப்புடன், சான்றை எடைபோட்டுப் பார்க்கும் மனப்பாங்கு. இதை விரிவுரையாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. குழப்பமான, முழுமையற்ற, ஒன்றோடொன்று முரண்படும் தகவல்களுக்கு நடுவே மாணவரை நிறுத்தி, அவர் எடுத்த முடிவைத் திருத்திக் கொடுத்து, மறுபடியும் நிறுத்துவதால் மட்டுமே அது வளரும். கற்பிப்பதைவிட மதிப்பிடுவது இன்னும் கடினம். ஆனால் தேர்வில் வராத எதையும் மாணவர் பொருட்படுத்துவதில்லை என்பதால், கற்பித்தலைச் சீர்செய்ய விரும்புவோர் மதிப்பீட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கனடாவில் 2015 முதல் கணக்காளருக்கு நடந்துவந்த பொது இறுதித் தேர்வு இவ்வகையில் கவனிக்கத்தக்கது. மூன்று நாள் நடக்கும் அத்தேர்வில் வழக்காய்வுகளே வினாக்கள். ஒரு நிறுவனத்தின் நிலையை விவரித்து, கூட்டக் குறிப்பு, கணக்கு, கடிதம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, ஆலோசகராக அறிக்கை எழுதச் சொல்வார்கள். எந்தச் சிக்கலைக் கவனிக்க வேண்டும் என்பதையும் பல இடங்களில் மாணவரே கண்டுகொள்ள வேண்டும். விடைத்தாளுக்கு வரிக்கு வரி மதிப்பெண் போடாமல், ஒவ்வொரு சிக்கலையும் அவர் கையாண்ட விதத்தை ஐந்து படிகளில் ஒன்றில் வைக்கிறார்கள்: தொடவே இல்லை, பெயரளவில் தொட்டிருக்கிறார், தகுதியை நெருங்குகிறார், தகுதி பெற்றிருக்கிறார், சிறப்பாகத் தகுதி பெற்றிருக்கிறார்.

இந்த முறை எதைப் பிடித்துக் காட்டும் என்பதை ஒரு கற்பனை வினாவைக் கொண்டு பார்க்கலாம். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கிடங்கில், வெளிநாட்டு ஆர்டர் ரத்தாகிப்போன ஆடைகள் கிடக்கின்றன. அவற்றின் அடக்க விலை 60 லட்சம் ரூபாய். உள்ளூர்ச் சந்தையில் தள்ளினால், விற்பனைச் செலவு போகக் கிடைப்பது 35 லட்சம். மார்ச் 31 கணக்கில் 60 லட்சம் என்றே எழுதியிருக்கிறார்கள்; வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டிலும் அதே தொகை. சரக்கிருப்பின் மதிப்பை வைத்தே கேஷ் கிரெடிட் கணக்கில் எடுக்கக்கூடிய பணத்தின் வரம்பு நிர்ணயிக்கப்படுகிறது என்ற செய்தி, வினாவின் வேறொரு பக்கத்தில், மேலாளரின் மின்னஞ்சலில் போகிற போக்கில் வருகிறது. அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையே எடுக்க வேண்டும் என்ற விதியை எழுதி, 25 லட்சத்தைக் குறைத்துக் காட்டும் மாணவர், வழக்கமான தேர்வில் முழு மதிப்பெண் பெறுவார். படிநிலை முறையில் அவர் நடுவில்தான் நிற்பார். மதிப்பைக் கூட்டிக் காட்ட நிர்வாகத்துக்கு வங்கிக் கடன் ஒரு காரணமாக இருப்பதைக் கண்டு, அப்படியானால் மற்ற சரக்குகளின் மதிப்பையும் நம்பிவிட முடியாது என்று உணர்ந்து, கிடங்குக்கு நேரில் போய் எண்ணிப் பார்க்க வேண்டியதையும், வங்கிக்குப் போன அறிக்கையைப் பற்றி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியதையும் சொல்பவரே மேல் படிக்கு ஏறுவார். இவ்விருவருக்கும் இடையிலான தூரத்தை அளக்கத் தெரிந்த தேர்வே தொழில்முறைத் திறனுக்கான தேர்வு.

இதில் இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. ஒரே விடைத்தாளை இருவர் திருத்தினால் இரண்டு படிகள் கிடைக்கலாம் என்பதால், திருத்துவோரைப் பயிற்றுவிக்கவும், அளவுகோலை மாதிரித் தாள்களில் முன்கூட்டியே சோதிக்கவும் பெரும் பணமும் உழைப்பும் வேண்டும். பன்னாட்டுத் தரநிலைகளில் ஆறாவது, மதிப்பீட்டுக்கு நம்பகம், பொருத்தம், நடுநிலை, வெளிப்படைத்தன்மை, போதிய அளவு என ஐந்து பண்புகளைக் கேட்கிறது. கொள்குறி வினா நம்பகத்தை எளிதில் தருகிறது. அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்னும் பொருத்தத்தில் பின்தங்கிவிடுகிறது.

1949-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய கல்வித் திட்டத்தில் இந்தத் திசையில் நகர்ந்திருப்பது பாராட்டத்தக்கது. இறுதித் தேர்வின் தாள்கள் எட்டிலிருந்து ஆறாகக் குறைந்தன. ஆறாவது தாள், பல பாடங்களை ஒருங்கே கையாளச் சொல்லும் வழக்காய்வாக, புத்தகத்தைப் பார்த்தே எழுதக்கூடிய நான்கு மணி நேரத் தேர்வாக அமைந்தது. புத்தகம் மேசைமேல் இருக்கும்போது மனப்பாடத்துக்கு மதிப்பில்லை. ஆனால், தாளின் ஒரு பகுதி கொள்குறி வினாவாக இருக்கும் வரை, சிக்கல் எது என்பதை வினாத்தாளே மாணவருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கிடங்கிலோ வங்கிக் கடிதத்திலோ நான்கு விடைகள் அச்சிட்டுக் கிடைப்பதில்லை.

அதே திட்டம் ஆர்ட்டிகல்ஷிப் என்று எல்லோரும் சொல்லும் செய்முறைப் பயிற்சியை மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகச் சுருக்கியது. உண்மையில் இத்திறன்கள் விளையும் நிலம் இதுதான். வவுச்சர் பார்ப்பதில் தொடங்கி, ஸ்டாக் எண்ணப் போய், வாடிக்கையாளரின் கணக்கரிடம் சங்கடமான கேள்வியைப் பணிவாகக் கேட்கக் கற்பதெல்லாம் இங்கேதான். ஆனால் தேர்ச்சியைத் தீர்மானிப்பவை எழுத்துத் தாள்களே. பயிற்சிக்குக் கணக்கு, கழிந்த காலம். பன்னாட்டுக் கல்வித் தரநிலைகளில் ஐந்தாவது, பயிற்சியைக் கால அளவாலும் பார்க்கலாம், எட்டிய திறனாலும் பார்க்கலாம், இரண்டையும் சேர்த்தும் பார்க்கலாம் என்று வழிவிடுகிறது. காலத்தை மட்டும் எண்ணும்போது, பெயரை ஓர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் கோச்சிங் வகுப்பிலேயே நாளைக் கழிக்கும் டம்மி ஆர்ட்டிகல்ஷிப்புக்கு இடம் உண்டாகிறது. அப்படிக் கழித்தவரும் கிடங்கு கிடங்காக அலைந்தவரும் ஒரே சான்றுடன் வெளியேறுவது, உழைத்தவருக்கும் நாளை அவர்களின் கையெழுத்தை நம்பப்போகும் முதலீட்டாளருக்கும் செய்யும் அநீதி.

பயிற்சியில் எட்டிய திறனையும் மதிப்பிட வேண்டும் என்றால், மாவட்டத் தலைநகர் ஒன்றில் இரண்டு மூன்று பயிற்சி மாணவரை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்தும் ஆடிட்டருக்கு, வரித் தணிக்கை நெருக்கும் செப்டம்பர் மாதத்தில், ஒவ்வொரு மாணவருக்கும் அறிக்கை எழுத நேரம் இருக்காது என்பது நியாயமான மறுப்பு. ஆகவே சுமையைச் சிறிதாக வைத்துத் தொடங்கலாம். வங்கிக்கு உறுதிப்பாட்டுக் கடிதம் அனுப்பிப் பதிலைப் பெறுவது, சரக்கு எண்ணுவதை நேரில் கவனித்துக் குறிப்பு எழுதுவது, நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய ஐயங்களைக் கடிதமாக வரைவது ஆகிய மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மாணவரின் பணித்தாளையும் அதன்மேல் ஆடிட்டர் எழுதிய திருத்தக் குறிப்பையும், வாடிக்கையாளரின் பெயரை மறைத்து, பயிற்சிக் காலத்தில் இருமுறை பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லலாம். வேறு ஊர் ஆடிட்டர் ஒருவர் அவற்றைப் படித்து, அரைமணி நேரம் மாணவரை வாய்மொழியாக வினவலாம்: இந்தப் பதில் வங்கியிலிருந்து எந்த வழியாக வந்தது, கவரைப் பிரித்தது யார், கணக்கர் சொன்னதை எதனுடன் ஒப்பிட்டீர்கள் என்று. நேரில் செய்தவர் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். அந்த வினவலில் மாணவர் பெறும் படிநிலை இறுதித் தேர்வின் தேர்ச்சிக்கும் கணக்கில் சேர வேண்டும்.