உங்களுக்குத் தெரியுமா? எல்லையில் பதற்றம்... வீட்டில் டிவி!

● கரையான்சாவடி சந்திப்பில் ஆவடி சாலைக்குத் திரும்புகிறவர்களுக்குக் கனரக வாகனத் தொழிற்சாலை தெரிந்த இடம்தான். 1961இல் அமைந்த அந்த ஆலையிலிருந்து 1965இல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. பாகிஸ்தானோடு உரசல் என்றதும் டிவியில் ஓடும் டாங்கிகளில் பல நம்ம ஆவடித் தயாரிப்பு. ஆனால் காட்டுவது அன்றைய போர்முனையா, பழைய பயிற்சிப் படமா? திரையின் மூலையில் 'கோப்புக் காட்சி' என்ற பொடி எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

● பாகிஸ்தானோடு மோதல் நடந்துகொண்டிருந்த 2025 மே 8 இரவு, கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டதாகச் சில இந்திய சேனல்கள் அலறின. அப்படி எதுவும் நடக்கவில்லை. அதே நாட்களில் 'ஆர்மா 3' என்ற வீடியோ கேமின் காட்சிகள், நிஜச் சண்டை என்று செல்போனுக்குச் செல்போன் பரவின.

● அந்த வாரமே மத்திய அரசு சேனல்களுக்கு ஒன்று சொன்னது: நிகழ்ச்சிகளில் அபாயச் சங்கு ஒலியைச் சேர்க்காதீர்கள். ஓயாமல் கேட்டுப் பழகிவிட்டால், நிஜமாகவே சங்கு ஊதும்போதும் மக்கள் சட்டை செய்ய மாட்டார்கள் என்பது காரணம்.

● 2008 மும்பைத் தாக்குதலை சேனல்கள் நேரலையில் காட்டின. பாகிஸ்தானில் இருந்தபடி தாக்குதலை இயக்கியவர்கள் அதைப் பார்த்தே உத்தரவு கொடுத்தார்கள். அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்பின் வழக்கில், 2012இல் தந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இப்போது பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலை செய்யத் தடை உண்டு. அரசு நியமித்த அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டுமே தரலாம்.

● பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே பிறந்தது. எதிர்முகாமிலிருந்து நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது. ஒரே போர்தான், ரேடியோ முள்ளைத் திருப்பினால் வேறு கதையாக வந்தது.

● இலங்கைக் கடற்படையிடம் ராமேசுவரம் படகு பிடிபட்டால் இங்கே தலைப்பு, 'மீனவர்கள் சிறைபிடிப்பு'. யாழ்ப்பாணத்தில் அதே சம்பவம், 'இந்திய இழுவைப் படகுகள் அத்துமீறல்'. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. சிறையில் இருப்பவரின் குடும்பம் இங்கே செய்தி. இழுவைப் படகால் அறுந்துபோன வலை அங்கே செய்தி. இரண்டுமே தமிழ்ப் பத்திரிகைகள், இரு கரையிலும் தமிழ் மீனவர்கள்.

● இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் என்றாலே 'யுத்தம்', 'பழிக்குப் பழி' என்றுதான் தலைப்பு. ஆனால் 1999 ஜனவரியில், பாகிஸ்தான் அணி வருவதை எதிர்த்து டெல்லி மைதானத்தின் பிட்ச்சைச் சிலர் தோண்டிப்போட்ட பரபரப்புக்கு நடுவே சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தது. 12 ரன்னில் ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றிவர, சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கால் நூற்றாண்டு தாண்டியும் அந்த ஆட்டத்தோடு சேர்த்து அந்தக் கைதட்டலும் பேசப்படுகிறது.