இரவில் புளிக்கும் இலை

ரணகள்ளி இலை காலையில் புளிக்கும். நண்பகலில் சப்பென்று இருக்கும். சாயங்காலம் லேசாகக் கசக்கும். இதைக் கவனித்து எழுதிவைத்தவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலராக இருந்தவர். அவருடைய கடிதத்தை லண்டன் லின்னேயன் சங்கம் 1815இல் அச்சிட்டது. (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். இந்தச் செடியைத் தின்று மாடுகள் செத்ததுண்டு.)

புளிப்பின் கணக்கு பிடிபட நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. நெல்லும் முருங்கையும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. திறந்த துளை வழியே நீரும் ஆவியாகிப் போகும். வறண்ட நிலத்துச் செடிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் ரணகள்ளி, கற்றாழை, எச்சிவேரியா போன்றவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த இரவில் திறக்கின்றன. இருட்டில் சர்க்கரை தயாரிக்க முடியாதே! வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைச் செல்களுக்குள் சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்ள, அமிலம் உடைந்து வாயு வெளிவரும். வெளிச்சத்தில் அது சர்க்கரையாகும். ஹெய்னின் நாக்கு உணர்ந்தது இந்த அமிலம் ஏறி இறங்குவதைத்தான்.

இவ்வளவு சிக்கனமான செடி நம் ஜன்னலோரத் தொட்டியில் ஏன் சாகிறது? பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீரால்தான். வேருக்கும் பிராணவாயு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நாள் கணக்கில் நீர் நின்றால் வேர் மூச்சுமுட்டிச் செத்து, பூஞ்சை பிடித்து அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால், ஈர மண்ணில் நிற்கும்போதே இலை சுருங்கத் தொடங்கும். தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். அதோடு கதை முடிந்தது.

நீர் போதாததையும் மிஞ்சியதையும் இனம் காணலாம். நீர் போதாத செடியின் அடி இலைகள் மெலிந்து சுருக்கம் விழும், ஆனால் தண்டைப் பிடித்து நிற்கும். நீர் மிஞ்சியதில் இலை மஞ்சளாகி, கண்ணாடி போல ஒளி ஊடுருவி, தொட்டாலே கழன்று விழும்.

நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவில்தான் இருக்கிறது. அது ஈரத்தை லேசில் விடாது. வீட்டுக்கு வந்ததும் அதை உதறிவிட்டு, பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் துண்டுகளும் கலந்த மண்ணில், ஓட்டையுள்ள மண் தொட்டியில் வையுங்கள். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்பது தப்பு. ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில்தான் ஈரம் தேங்கும்.

செடியைத் தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. எச்சிவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் குளிர்ந்த மலைகளைச் சேர்ந்தவை. ராத்திரியும் புழுங்கினால் அமிலச் சேமிப்பு குறையும். ஊட்டியில் செழிக்கும் செடி சென்னையில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சமவெளிக்காரர்களுக்கு என் ஓட்டு கற்றாழை, அடீனியம், பிரண்டைக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவற்றையும் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். மற்ற நாட்களில், ஊற்றுவதற்கு முன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.