பனி அகற்றும் இயந்திரம்: தெரிவும் பராமரிப்பும்

ஸ்நோ புளோவர் எனப்படும் பனி அகற்றும் இயந்திரத்தைத் தென் ஒன்ராறியோவில் பலர் நவம்பர் மாதத்தில் வாங்குகின்றனர். சென்ற ஆண்டு நன்றாக இயங்கிய இயந்திரம் முதற் பனிப்பொழிவன்று இயங்க மறுப்பது பல வீடுகளில் காணப்படும் தொல்லை. அடைத்துக்கொண்ட பனியைக் கையால் எடுக்க முயன்று விரல்களை இழப்பதோ வாழ்நாள் முழுவதும் தொடரும் துயரம். இவ்விரண்டையும் தவிர்க்க இயலும். அதற்குத் தேவையானவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பனி அகற்றுவது யாருடைய கடமை?

வாடகை வீடுகளின் பொது நடைவழிகளிலும் வாகனப்பாதைகளிலும் உள்ள பனியை அகற்றுவது ஒன்ராறியோவில் வீட்டு உரிமையாளரின் கடமையாகும். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்ப்பதால் மட்டும் அக்கடமை குடியிருப்பவருக்கு மாறிவிடாது. நிலவறையில் வாடகைக்கு இருந்த ஒருவர் வழுக்கி விழுந்த வழக்கில், 2009ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. குடியிருப்பவர் இப்பணியை ஏற்பதாயின், அது வாடகையிலிருந்து பிரித்தறியத்தக்க, உரிய கைம்மாறுடன் கூடிய தனி ஒப்பந்தமாக இருத்தல் வேண்டும்.

அகற்றிய பனியை வீதியில் இடுவதும் குற்றமாகும். வீதிக்குப் பொறுப்பான அதிகாரசபையின் எழுத்துமூல அனுமதியின்றி அவ்வாறு செய்வதை, ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆகவே, பனியை எத்திசையில் வீசுவது என்பதை இயந்திரத்தை இயக்குமுன்னரே தீர்மானித்துக்கொள்ளவும். அயலவரின் காணியையும் தீயணைப்பு நீர்க்குழாயையும் தவிர்க்கவும்.

எவ்வகை இயந்திரம் பொருத்தமானது?

இயந்திரத்தைத் தெரிவுசெய்யும்போது மூன்று விடயங்களைக் கருதவேண்டும்: பாதையின் நீளம், அதன் மேற்பரப்பு, பாதையின் முகப்பில் வீதிப்பனி தள்ளும் வாகனம் விட்டுச்செல்லும் பனிவரம்பு. அவ்வரம்பில் உள்ள பனி உப்பும் நீரும் கலந்து இறுகியது. சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் அங்கேதான் திணறுகின்றன.

*ஒற்றைக்கட்ட இயந்திரம்:* சுழலும் தகடே பனியை அள்ளி நேராக வெளியே வீசும். எடை குறைவு; கராஜில் சிறிதளவு இடமே போதும். இரண்டு கார்கள் நிறுத்தக்கூடிய, தார் அல்லது கொங்கிரீட் இட்ட பாதைக்கும் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் வரையான பனிக்கும் ஏற்றது. சுழலும் தகடு தரையைத் தொட்டுச் செல்வதால், சரளைக்கல் பாதையில் இதனைப் பயன்படுத்தலாகாது, கற்கள் வீசப்படும்.

*இரட்டைக்கட்ட இயந்திரம்:* முன்னாலுள்ள சுருள் பனியை உள்ளிழுக்க, பின்னாலுள்ள விசிறி அதனை வெளியே வீசும். சக்கரங்களை இயந்திரமே செலுத்தும். தரைக்கும் தகட்டுக்கும் இடையிலான உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் சரளைக்கல் பாதைக்கும் உகந்தது. நீண்ட பாதை, ஆழமான பனி, கடினமான பனிவரம்பு ஆகியவை உள்ள வீடுகளுக்கு இதுவே தகுந்தது. வாங்குமுன் கராஜ் இடத்தையும் வாயிலின் அகலத்தையும் அளந்துகொள்ளவும்.

*மின்கல இயந்திரம்:* எரிபொருளும் புகையும் இல்லை. பராமரிப்பு மிகக் குறைவு. ஆயினும் கடுங்குளிரிலும் ஈரப்பனியிலும் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். மின்கலத்தை வீட்டினுள் வைத்து, 0 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையிலேயே மின்னேற்றம் செய்யவேண்டும்.

கைகளைக் காத்தல்

ஈரப்பனி இயந்திரத்தின் வெளியேற்றும் குழாயை எளிதில் அடைத்துவிடும். கைவிரல்கள் துண்டிக்கப்படும் விபத்துகள் பெரும்பாலும் இவ்வேளையில்தான் நிகழ்கின்றன. எஞ்சினை நிறுத்திய பின்னரும் சுருளிலோ விசிறியிலோ இழுவிசை தேங்கி நிற்கக்கூடும். அடைப்பு விலகிய கணமே அது சட்டென்று சுழலும். கையுறை இதற்குப் பாதுகாப்பாகாது.

எனவே, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாப் பாகங்களும் அசைவற்று நிற்கும்வரை காத்திருக்கவும். அதன் பின்னரும் கையை உள்ளே இடாமல், இயந்திரத்துடன் தரப்பட்ட துப்புரவுக் கோலையோ வலுவான தடியையோ பயன்படுத்தவும். கைப்பிடியை விட்டதும் சுருள் நிற்பதற்கென அமைந்த நெம்புகோலைக் கயிற்றால் கட்டிவைப்பது, அந்தப் பாதுகாப்பையே இல்லாமற் செய்துவிடும்.

பெற்றோல் எஞ்சினைக் கராஜினுள் ஒருபோதும் இயக்கவேண்டாம். கதவு திறந்திருந்தாலும் காபன் மொனொக்சைட் வாயு வீட்டினுள் பரவும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு உயிரைப் பறிக்கவல்லது. கராஜ் இணைந்த வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இதற்கான எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டுமென்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டக் கட்டாயம். எரிபொருளையும் வெளியிலேயே, எஞ்சின் குளிர்ந்த பின்னரே நிரப்பவும்.

எஞ்சின் ஏன் பழுதடைகிறது?

சிறிய எஞ்சின்களைப் பழுதாக்குவது பெரும்பாலும் குளிர் அன்று. கோடை முழுவதும் தாங்கியில் தேங்கிக் கிடக்கும் பழைய பெற்றோலே. சாதாரண பெற்றோலில் கலந்துள்ள எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். காலப்போக்கில் பெற்றோல் பிசினாகி, காபரேட்டரின் ஊசிமுனை போன்ற துளைகளை அடைத்துவிடும். ஏறத்தாழ 30 நாட்களிலேயே பெற்றோலின் தரம் குறையத் தொடங்கும். எனவே சிறிதளவே வாங்கவும். பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு 10 வீதத்துக்கு மேல் எதனோல் கலந்த பெற்றோல் ஆகாது.

ஏப்ரலில் செய்யவேண்டியவை

1. புதிய பெற்றோலில், புட்டியில் குறித்த அளவுக்கு எரிபொருள் நிலைப்படுத்தியைக் கலந்து, கலவை காபரேட்டரைச் சென்றடையும்படி எஞ்சினைச் சில நிமிடங்கள் வெளியில் இயக்கவும். அல்லது தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடவும்.
2. எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது எண்ணெயை மாற்றவும். குளிர்காலத்துக்குப் பெரும்பாலும் 5டபிள்யூ-30 எண்ணெயே விதிக்கப்படுகிறது. கைநூலில் உள்ளதைப் பின்பற்றவும். பழைய இருவீச்சு எஞ்சின்களில் எண்ணெயைப் பெற்றோலுடனேயே கலக்கவேண்டும். அக்கலவையை நால்வீச்சு எஞ்சினில் இடலாகாது.
3. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கரிபடிந்திருந்தால் மாற்றவும்.
4. உப்பைக் கழுவி, உலர்த்தி, சுருளின் தண்டுக்குக் கொழுப்பெண்ணெய் இடவும்.
5. சுருளைத் தண்டுடன் பிணைக்கும் ஷியர் பின்களைப் பார்க்கவும். கல்லோ பனிக்கட்டியோ சிக்கினால் தான் முறிந்து பற்சில்லுப் பெட்டியைக் காக்கும்படி செய்யப்பட்டவை இவை. முறிந்ததற்குப் பதிலாகச் சாதாரண ஆணியைப் பூட்டினால், அடுத்த முறை உடைவது பற்சில்லுப் பெட்டியாக இருக்கும். அதே வகைப் பின்கள் இரண்டை மேலதிகமாக வைத்திருக்கவும்.

புல்வெட்டும் இயந்திரத்துக்கும் இவை பொருந்தும். அதற்குரிய காலம் ஒக்டோபர். அதிலுள்ள காற்று வடிகட்டியையும் துப்புரவு செய்யவேண்டும். பனி அகற்றும் இயந்திரங்களில் வடிகட்டி பெரும்பாலும் இராது. பனித்துகள் படிந்து உறைந்துவிடும் என்பதே காரணம்.

மிஞ்சிய பெற்றோலையும் பழைய எண்ணெயையும் வடிகாலில் ஊற்றுவதும் குப்பையில் இடுவதும் கூடாது. அவற்றை மூடிய கொள்கலனில், பெயர் எழுதி, வீட்டு அபாயக் கழிவுகளைப் பொறுப்பேற்கும் நிலையத்தில் ஒப்படைக்கவும்.

இதய நோய் உள்ளவர்களும் மூத்தோரும் இயந்திரம் இருப்பினும் தனித்து இப்பணியில் இறங்காமல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நலம். கனத்த இயந்திரத்தைத் திருப்புவதும் இதயத்துக்குச் சுமையே.