மருந்து கொடுப்பதற்கும் ஒரு மேற்படிப்பு

திருவனந்தபுரம் தம்பானூரில் காலை வேளையில் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தில் தமிழ்க் குரல்கள் நிறையக் கேட்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் எக்ஸ்ரே கவர், பழைய சீட்டுகள், ஒரு பாட்டில் தண்ணீர். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்து இறங்கியவர்கள். 1956 நவம்பர் 1ம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம் என்ற பழைய வழக்கம் மாறவில்லை. 1979ல் நாகர்கோவிலுக்கு ரயில் பாதை வந்தபின் பயணம் இன்னும் சுலபமாயிற்று.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், மண்டலப் புற்றுநோய் மையம் ஆகிய மூன்றும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. டாக்டரைப் பார்க்கலாம், பரிசோதனை செய்து கொள்ளலாம். எல்லாம் முடிந்து கடைசியாகப் போய் நிற்பது மருந்து கவுன்டரில். பின்னால் நீண்ட வரிசை. மருந்து கொடுப்பவருக்கு ஓர் ஆளுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லப்படுவதை வைத்துத்தான் நோயாளி அடுத்த மூன்று மாதம் மருந்து சாப்பிட வேண்டும்.

"ஆழ்ச்ச" என்றால் என்ன?

வாத நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் என்றொரு மாத்திரை தருகிறார்கள். இதை வாரத்துக்கு ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். இந்தத் தவறு உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை என்பதை மலையாளத்தில் "ஆழ்ச்சயில் ஒரிக்கல்" என்பார்கள். சாலை பஜாரிலும் கரமனையிலும் தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழருக்கு இது புரியும். காலையில் குளச்சலிலிருந்து புறப்பட்டு வந்த வயதான அம்மாளுக்குப் புரிய வேண்டுமென்று கட்டாயமில்லை. கவரில் எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்தை அவரால் படிக்க முடியாது.

மொழி சரியாக இருந்தாலும் தவறு வரும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அளவுகளில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை ஏற்றினால் உடம்புக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆள் மயங்கி விழ இது போதும். மாற்றிச் செய்தால் 20க்கு பதில் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது. டாக்டர் எழுதியதும் சரி, கடையில் கொடுத்ததும் சரி, வீட்டில் நடந்தது மட்டும் தவறு.

சித்ரா வால்வும் முருங்கைக் கீரையும்

இந்த ஊருக்கே பெருமை தரும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய செயற்கை இருதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு சென்னை டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. வெளிநாட்டு வால்வின் விலையைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கக்கூடிய எத்தனையோ ஏழைகள் இதனால் பிழைத்தார்கள்.

ஆனால் ஆபரேஷனோடு கதை முடிவதில்லை. இவ்வகை வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். அவ்வப்போது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். சாதாரண மனிதருக்கு அது சுமார் 1 இருக்கும். வால்வு வைத்தவருக்கு வால்வின் இடத்தைப் பொறுத்து 2 முதல் 3 வரை, அல்லது 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கச் சொல்வார்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், பக்கவாதமும் வரலாம். கூடினால் ரத்தக்கசிவு.

இந்த அளவு எதனாலெல்லாம் மாறும் என்பதுதான் வேடிக்கை. முழங்கால் வலிக்கென்று பெட்டிக் கடையில் வாங்கும் மாத்திரை போதும். ஜுரத்துக்கு ஊர் டாக்டர் தரும் ஆன்டிபயாடிக் போதும். தினமும் முருங்கைக் கீரை சாப்பிட ஆரம்பித்தாலும் மாறும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடுகிறது. கீரையே கூடாது என்பதில்லை. ஒரு மாதம் கூடவும் ஒரு மாதம் குறைவுமாக இல்லாமல் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். இதைப் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்ல யாருக்கு நேரம்?

அமெரிக்காவில் இதற்கென்றே ஆட்களைத் தயார் செய்கிறார்கள். அங்கே பார்மசிஸ்ட் ஆக டாக்டர் ஆப் பார்மசி பட்டம் வேண்டும். பட்டம் வாங்கியபின் விரும்புகிறவர்கள் ஆஸ்பத்திரியில் ஓராண்டு ரெசிடென்சி பயிற்சி பெறுகிறார்கள். அதற்கு மேலும் ஓராண்டு உயர்நிலை ரெசிடென்சி உண்டு. அதில் ஒரு பிரிவு வெளிநோயாளர் சிகிச்சைக்கே தனியாக ஒதுக்கப்பட்டது. ரத்தம் உறையாமைக்கான கிளினிக், சர்க்கரை, ரத்த அழுத்த கிளினிக் ஆகியவற்றில் பார்மசிஸ்ட் தனி மேஜை போட்டு உட்கார்ந்து நோயாளியைப் பார்க்கிறார். சாப்பிடும் மருந்து அத்தனையையும் பையோடு கொட்டிப் பார்த்து, டாக்டரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார். இத்துறைக்கென 2011 முதல் தனித் தகுதித் தேர்வும் நடக்கிறது.

ரயிலில் இதற்கு ஓர் உவமை உண்டு. என்ஜின் ஓட்டுநர் தேர்வில் ஜெயித்த உடனே யாரிடமும் எக்ஸ்பிரஸ் வண்டியைக் கொடுத்துவிட மாட்டார்கள். உதவி ஓட்டுநராகச் சில வருஷம் ஓட வேண்டும். புதிய பாதை என்றால் சிக்னல் எங்கே, வளைவு எங்கே என்று தெரிந்த பின்தான் தனியாக விடுவார்கள். மருந்து விஷயத்தில் அந்த "பாதை தெரிந்துகொள்ளும்" காலம்தான் ரெசிடென்சி.

இங்கே என்ன நிலை?

நம் நாட்டில் பார்மசிஸ்ட் தொழிலுக்கு 1948ம் ஆண்டின் பார்மசி சட்டம்தான் அடிப்படை. இரண்டு வருட டிப்ளமா படித்து, 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி முடித்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. நோயாளி அருகே நிற்கும் பார்மசிஸ்ட் என்ற எண்ணம் இங்கே 1990களில்தான் வேர் விட்டது. மைசூரிலும் ஊட்டியிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரிகள் ஆஸ்திரேலிய நிபுணர்களின் உதவியோடு அதற்கான முதுகலைப் படிப்பைத் தொடங்கின. ஊட்டியில் அரசு ஆஸ்பத்திரியே மாணவர்களுக்குப் பயிற்சிக் களமாயிற்று.

2008ல் இந்திய பார்மசி கவுன்சில் ஆறு வருட டாக்டர் ஆப் பார்மசி படிப்பைக் கொண்டுவந்தது. ஐந்து வருடம் படிப்பு, ஆறாவது வருடம் முழுவதும் ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஆறு மாதம் பொது மருத்துவத் துறையில், மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் கணக்கு வார்டுகளை வைத்துப் போடப்பட்டது. வெளிநோயாளர் பிரிவுக்கென்று தனியாக ஒரு மாதம்கூட அதில் இல்லை. பட்டத்துக்கு மேல் உயர்நிலை ரெசிடென்சி என்ற படியும் அந்த விதிகளில் கிடையாது. வார்டில் படுத்திருப்பவருக்கு மருந்து கொடுக்க நர்ஸ் இருக்கிறார், தவறினால் மறுநாள் டாக்டர் கண்டுபிடிப்பார். வீட்டுக்குப் போகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? பயிற்சி அதிகம் தேவைப்படும் இடம் அதுதான்.

கேரளத்தில் பல தனியார் கல்லூரிகள் இந்த ஆறு வருடப் படிப்பை நடத்துகின்றன. பெற்றோர் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் அரசு ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் வேலைக்கு பி.எஸ்.சி. கேட்கும் அடிப்படைத் தகுதி டிப்ளமாதான். ஆறு வருடம் படித்தவரும் இரண்டு வருடம் படித்தவரும் அதே கவுன்டருக்குப் பின்னால் அதே ஒரு நிமிஷத்தோடு நிற்க வேண்டும். உத்தியோகம் இல்லாத இடத்தில் உயர்நிலைப் பயிற்சி மட்டும் எப்படி வளரும்? பயிற்சி பெற்ற ஆள் இல்லை என்பதால் உத்தியோகம் உண்டாக்கப்படுவதில்லை என்றும் சொல்கிறார்கள். முட்டையா கோழியா என்ற கதைதான்.

இதற்கிடையே நோயாளிக்குச் சாதகமான ஒரு விதி இருப்பது பலருக்குத் தெரியாது. 2015ம் ஆண்டின் பார்மசி நடைமுறை விதிகளின்படி, மருந்து கொடுக்கும் பதிவுபெற்ற பார்மசிஸ்ட் அதன் பெயர், அளவு, எப்படி எவ்வளவு நாள் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு வரலாம், எப்படிப் பத்திரப்படுத்துவது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது ஆகியவற்றை நோயாளிக்கு விளக்க வேண்டும். கேட்பது சலுகை அல்ல. மலையாளம் புரியாதவர்கள், "வாரத்துக்கு எத்தனை முறை, தினமுமா?" என்று தமிழிலேயே கேட்டு, பதிலைக் கவர் மேல் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு கவுன்டரை விட்டு நகர்வது நல்லது. வால்வு வைத்தவர்கள் ஐ.என்.ஆர். நோட்டுப் புத்தகத்தையும், ஊரில் வாங்கிச் சாப்பிட்ட மற்ற மாத்திரைகளின் காலி அட்டைகளையும் அடுத்த முறை வரும்போது மறக்காமல் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும்.