சாய்ந்த கட்டிலில் ஊறிய எண்ணெய்

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கால்வாயில் தண்ணீர்மேல் எண்ணெய் மின்னுகிறது. பேராக்கிலும் பெட்ரோலியம் உண்டா? வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள்."

வாட்ஸ்அப்பில் எண்ணெய் வற்றுவதே இல்லை. குச்சியால் அந்தப் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து நின்றால் இரும்புப் பாக்டீரியாவின் வேலை. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய்தான். பெரும்பாலும் பக்கத்தில் நின்ற லாரியுடையது.

ஆனாலும் கேள்வி வீணில்லை. திரெங்கானுவுக்கு அப்பால், கடலடி மலாய்ப் படுகையில் எடுக்கும் எண்ணெயில் ஒரு பங்கு ஏரியில் பிறந்தது. ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இல்லை. நிலம் இழுபட்டுப் பிளந்தது. பள்ளங்களில் ஏரிகள் தேங்கின.

இத்தகைய பள்ளம் பெரும்பாலும் சமமாக இறங்காது. பெரிய பிளவு ஒரு பக்கம்தான். தரை அங்கே சரியும். லயத்து வீட்டில் ஒரு பக்கக் கால்கள் இற்றுப்போன கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். தலையணை, வெற்றிலைப் பெட்டி, தூங்கும் பேரன் எல்லாம் அந்தப் பக்கமே உருளும். ஏரியின் ஆழமும் அங்கேதான். மேட்டுப் பக்கம் உட்கார்ந்து பாட்டி மணல் கொட்டுகிறாள் என்று வைப்போம், அவள்தான் ஆறு. கால் வேகமாக இற்றால் மணல் விளிம்போடு நின்றுவிடும். மெதுவாக இற்றால் கட்டிலையே மூடிவிடும். பேரன் என்ன ஆனான் என்று கேட்காதீர்கள்.

என்னைச் சொக்கவைப்பது இந்த வேகப் போட்டிதான். பிளவு முந்தும்போது ஏரி ஆழமாகிறது. வெப்பமண்டல ஏரியில் மேல்நீரும் அடிநீரும் எளிதில் கலப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியின் ஆழம் சுமார் 1,470 மீட்டர். அதில் ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. செத்து விழும் பாசி அழுகித் தீராமல் கருஞ்சேறாகத் தங்குகிறது: எண்ணெய்க்குத் தாய்ப்பாறை. பிளவு தளரும்போது ஆறுகள் முந்தி மணலை ஏரிக்குள் தள்ளுகின்றன: எண்ணெய் தங்கும் மணற்கல். பிளவு மறுபடி வேகமெடுத்தால் இன்னொரு சேற்று அடுக்கு வந்து மூடியாகிவிடும். மூன்றையும் அடுக்கித் தருவது ஒரே பிளவு. நன்னீரில் சல்ஃபேட் குறைவு என்பதால் ஏரி எண்ணெயில் கந்தகம் குறைவு. மெழுகோ அதிகம்.

எல்லா மணலும் ஏரி மணல் அல்ல. பிளவு ஓய்ந்தபின் மலாய்ப் படுகை முழுதும் அமிழ்ந்து, மெல்லக் கடல் புகுந்தது. அங்கே 1969இல் கண்டறிந்த டாப்பிஸ் எண்ணெய்வயலில் எண்ணெய் தங்கியிருப்பது அந்தப் பிற்கால மணலில்.

வரலாறு கேட்பவர்களுக்கு: கோலகங்சார் அருகே எங்கோரிலும் சிலாங்கூரின் பத்து ஆராங்கிலும் இதே இனத்துச் சிறு ஏரிப் பள்ளங்கள் உண்டு. எங்கோரில் 1920களில் கொஞ்சம் நிலக்கரி எடுத்தார்கள். பத்து ஆராங் சுரங்கம் 1915 முதல் 1960 வரை ஓடியது. போதும்.

பத்து ஆராங்கில் பாசி செறிந்த களிப்பாறையும் இருக்கிறது. அதிலிருந்து எண்ணெய் வடியாததற்குக் காரணம், அது போதிய ஆழத்துக்குப் புதையாததே. மலாய்ப் படுகையின் நடுவில் படிவுகளின் தடிமன் 12 கிலோமீட்டருக்கும் மேல். ஆழத்தில் புதைந்து சூடேறினால்தான் பாசிச்சேறு எண்ணெயாகும். ஈப்போவைச் சுற்றிய ஈயக்குட்டைகளோ மனிதன் தோண்டியவை, கணக்கிலேயே வராது. பேராக்கின் பெட்ரோலியம் இருப்பது ஸ்ரீ இஸ்கண்டாரில், 1997இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வகுப்பறைகளில்.

ஆழத்து ஏரி அடுக்குகளில் எண்ணெய்ப் புதையல் என்று இனி ஏதேனும் செய்தி வந்தால், மணல் எவ்வளவு தூரம் பரவியது, அதன் துளைகள் மேற்பாரத்தில் நசுங்காமல் மிஞ்சினவா என்று தேடுங்கள். பள்ளத்தின் வடிவம் நிலஅதிர்வுப் படத்திலேயே தெரியும். மணலின் பரவலும் துளைகளின் நிலையும் துளையிட்ட பிறகுதான் உறுதியாகும். தலைப்புச் செய்தி அதற்கு முன்பே வந்துவிடும்.