நிலக்கரித் தூசியும் இழப்பீட்டு உரிமையும்

சுரங்கக் கூரை சரிந்து தொழிலாளி இறந்தால் அது விபத்து. பல்லாண்டுகள் தூசியைச் சுவாசித்து நுரையீரல் இறுகி இறந்தால்? சட்டத்தின் பார்வையில் அதுவும் விபத்துக் காயமே. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, சிலிக்கோசிஸையும் நிலக்கரித் தூசி கலந்த ஆந்த்ரகோ-சிலிக்கோசிஸையும் தொழில்சார் நோய்களாக ஏற்றது.

ஆயினும் உரிமை ஏட்டளவில் நிற்பது ஏன்? நிலக்கரி வயல்களின் ஒப்பந்தக் கூலிகளில் தலித்துகளும் பழங்குடியினரும் மிகுதி. ஒப்பந்ததாரர் மாற மாற, பணிச் சான்று பலர் கையில் எஞ்சுவதில்லை. ஒப்பந்ததாரரின் ஆளுக்கும் முதன்மை முதலாளி இழப்பீடு தர வேண்டும். பல முதலாளிகளிடம் உழைத்திருந்தால் அனைவரும் பங்கிட்டுத் தர வேண்டும் என்பதே சட்டம்.

அடுத்த தடை நோயறிதல். காசநோய் என்று எழுதிவிட்டால் கோரிக்கையே எழாது. தூசி நுரையீரல் நோய் இருப்பதாகக் கருதும் மருத்துவர் தலைமைச் சுரங்க ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இக்கடமைகளைக் கைவிடவில்லை.

ஆகவே, உழைத்த சுரங்கம், ஆண்டு, ஒப்பந்ததாரர், உடன் உழைத்தோர் ஆகிய விவரங்களைக் கேட்டெழுதி, மார்பு எக்ஸ்-ரே படத்துடன் சேர்த்துப் பாதுகாப்பதே களத்தில் நாம் முதலில் செய்ய வேண்டிய பணி. அவ்வேடின்றி ஆணையர் முன் எந்த வழக்கும் நிலைப்பது அரிது.